ரிஜிஸ்டர் கல்யாணம்: அன்றும் இன்றும்

எனக்கு விவரம் தெரிந்த 1970களில் ‘ரிஜிஸ்டர் கல்யாணம்’ என்று சொல்லும்போது எங்கள் தெருப் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வீட்டை எதிர்த்துப் போனவர்கள், சாதி மாறி விரும்பியவர்கள், இவர்கள்தான் பதிவாளர் முன்னால் போய் நின்று கையெழுத்துப் போடுவார்கள் என்பது ஊரின் எண்ணம். ஊரறியப் பந்தல் போட்டுத் தாலி கட்டிய குடும்பத்துக்கு ஆபீசில் என்ன வேலை? இன்று அதே தெருவில், மறுவீடு அழைப்பு முடிவதற்குள் மாமியார்களே கேட்கிறார்கள்: “ரிஜிஸ்டர் பண்ணியாச்சா?”

இந்த மாற்றத்தை முழுக்க வரவேற்பவள் நான். ஆனால் அன்றைய ஊர் தன் கல்யாணங்களை எப்படி நினைவில் வைத்திருந்தது என்பதையும் சொல்லாமல் போனால் பாதிக் கதைதான் மிஞ்சும்.

திருப்பருத்திக்குன்றம், காஞ்சிபுரத்தை ஒட்டி வேகவதி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். ஜினகாஞ்சி என்று பழைய பெயர். திரைலோக்கியநாதர் கோயிலும் சந்திரப்பிரபர் கோயிலும் இங்கே அருகருகே நிற்கின்றன. இன்று மேல்சித்தாமூரில் இருக்கும் சமண மடம் ‘ஜினகாஞ்சி மடம்’ என்று பெயர் தாங்குவது இந்த ஊரை வைத்துத்தான். நாங்கள் தறிக்காரக் குடும்பம். நடந்தால் பிள்ளையார்பாளையம், அங்கே முதலாளி வீட்டில் பட்டும் ஜரிகையும் வாங்கி வந்து வீட்டுத் தறியில் நெய்து கொடுப்பார் அப்பா.

கல்யாணம் என்றால் தெருவை அடைத்துப் பந்தல். மண்டபம் பிடிக்கும் வழக்கம் எங்களைப் போன்ற வீடுகளுக்கு அப்போது இல்லை. அன்றைக்குத் தெருவில் ஒரு தறியும் ஓடாது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் பந்தி, எதிர்வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார். தாலி ஏறும் நேரத்தில் வயலில் இருந்தவர்கள்கூட வந்து அட்சதை போட்டுவிட்டுப் போவார்கள். சாட்சி என்று தனியாக இரண்டு பேரைத் தேட வேண்டியதில்லை.

ஆயாவிடம் யார் கல்யாணம் எந்த வருஷம் என்று கேட்டால் தேதி வராது. “உன் அம்மாவுக்குத் தாலி கட்டினப்போ நம்ம தறியில அரக்குப் பாவு ஏறியிருந்தது. பாதி நெய்ஞ்சு நிறுத்திட்டோம். உன் பெரியம்மா கல்யாணத்தப்போ வேகவதியில தண்ணி ஓடிச்சு” என்பாள். தறியில் இருந்த பாவை வைத்தும் ஆற்றில் ஓடிய தண்ணீரை வைத்தும் அவள் ஒரு தெருவின் கல்யாணங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். எவள் எவனுக்கு வாழ்க்கைப்பட்டாள், சீர் என்ன வந்தது, நாத்தனார் முடிச்சை யார் போட்டது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கர்ணமோ முனிசீப்போ விசாரிக்க வந்தால் ஆயா போன்ற ஒருத்தி சொல்வதுதான் சான்று. 1980இல் அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்து, பிறகு கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தது. விசாரணைக்கு வந்த ஆள் மாறினாலும் கேள்வி கேட்கப்பட்டது ஆயாக்களிடம்தான்.

பத்திரிகையை விட்டால் எழுத்தில் இருந்தது ஒன்றே ஒன்று: மொய் நோட்டு. பிள்ளையார் சுழி போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் வருஷம், மாதம், தேதி, கிழமை, மணமக்கள் பெயர். அதன் கீழே ஊர், பேர், தொகை. கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருவரைப் பந்தல் வாசலில் உட்கார வைப்பார்கள். திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் அந்த நோட்டை எந்தக் குடும்பமும் தொலைக்காது. கணக்குக்காக எழுதியது ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்களின் முழுப் பட்டியலாகவும் ஆனது.

எழுதும் பழக்கம் இல்லாத ஊர் இல்லை இது. திரைலோக்கியநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது, விசயநகரக் கல்வெட்டு இருக்கிறது. விசயநகர அரசின் தண்டநாயகர் இருகப்பர் தம் குரு புஷ்பசேனரின் சொற்படி 1387 வாக்கில் அங்கே மண்டபம் எடுப்பித்ததைக் கல் சொல்கிறது. விதானத்தில் ரிஷபர், வர்த்தமானர், நேமிநாதர் கதைகளை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். 1934இல் டி. என். இராமச்சந்திரன் இந்தக் கோயில்களைப் பற்றி எழுதிய நூலைச் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. நேமிநாதர் கதையில் வருவது ஒரு நின்றுபோன கல்யாணம். விருந்துக்காக அடைத்து வைத்த விலங்குகளின் கதறலைக் கேட்டு, மாப்பிள்ளைக் கோலத்திலேயே துறவுக்குப் போனவர் அவர். அரசர் தந்த நிலம், தண்டநாயகர் கட்டிய மண்டபம், தெய்வ புருஷர் விட்டுப்போன மணவறை எல்லாவற்றுக்கும் கல்லிலோ வண்ணத்திலோ இடம் கிடைத்தது. அந்தக் கோயில் நிழலில் வாழ்ந்து தறியில் நெய்த பெண்களுக்கு நடந்த கல்யாணம் எங்கேயும் எழுதப்படவில்லை.

இங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டரில் சென்னைக் கோட்டைக்குள் இருக்கிறது புனித மேரி தேவாலயம். 1680இல் அது திறந்தபோது அங்கே நடந்த முதல் திருமணம் கும்பெனி ஊழியர் எலிஹு யேலுடையது. ராபர்ட் கிளைவுக்கும் 1753இல் அங்கேதான் மணமானது. கடல் கடந்து வந்தவர்களின் திருமணத்துக்கு முந்நூற்று நாற்பது ஆண்டுப் பழைய பதிவேடு இருக்கிறது. என் கொள்ளுப்பாட்டி பெயர் ஒரு காகிதத்திலும் இல்லை. தேவாலயத்துக்குப் பதிவேடு எழுதும் கடமை இருந்தது. பள்ளிவாசல் ஜமாத்துகளும் நிக்காஹ் பதிவேடு எழுதின. எங்களைப் போன்றவர்களுக்கு ஊர் வாய்தான் பதிவேடு.

வீட்டில் பத்திரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தகரப் பெட்டியில் மனைப் பத்திரம் இருந்தது, சார்பதிவாளர் முத்திரையோடு. வீடு, நிலம் வாங்கினால் பதிய வேண்டும் என்பது தாத்தா காலத்திலேயே எல்லோருக்கும் தெரியும். அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணத்தையும் பதியலாம் என்று 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் வழி செய்தது. அந்தச் சட்டம் சமணர், பௌத்தர், சீக்கியருக்கும் பொருந்தும். ஆகவே எங்கள் ஊர்ச் சமண நயினார் வீட்டுக் கல்யாணத்தையும் எங்கள் வீட்டுக் கல்யாணத்தையும் ஒரே பதிவேட்டில் எழுதலாம். வழி இருந்தும் யாரும் போகவில்லை. கட்டாயம் இல்லை, தேவையும் வரவில்லை.

தேவை என் சித்திக்கு வந்தது.

சித்தப்பா வெளியூரில் வேலை பார்த்தார். வேலையில் சேர்ந்தபோது கல்யாணமாகவில்லை. வாரிசு என்று தன் அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு அதை மாற்றவே இல்லை. அவர் காலமானபோது அந்த அம்மா முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். பணத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் சித்தி மனுக் கொடுத்தார். கல்யாணம் நடந்ததற்கு என்ன ஆதாரம் என்று அலுவலகத்தில் இருந்த ஓர் இளைஞர் கேட்டார்.

“ஊரே வந்து சாப்பிட்டுப் போச்சு தம்பி, அது போதாதா?” என்றார் சித்தி.

“ஊரை இங்க கூட்டியாந்து நிறுத்த முடியுமாம்மா? பேப்பர் இருந்தா குடுங்க” என்றார் அந்த இளைஞர். அவர் கேட்டதில் குற்றம் இல்லை. அவர் முன்னால் இருந்தது ஒரு கோப்பு. அதில் சித்தியின் பெயர் இல்லை.

சித்தியின் ஊர் அதற்குள் கலைந்துவிட்டிருந்தது. தாலி கட்டியதைப் பார்த்தவர்களில் பலர் இல்லை. ஆயா இல்லை. இருந்தவர்கள் பிள்ளைகளோடு திருப்பூர், சென்னை, பெங்களூரு என்று போயிருந்தார்கள். தறிகள் குறைந்து, தெருவில் குடியிருப்பவர்களே மாறிவிட்டார்கள். ரேஷன் அட்டையையும், பரணிலிருந்து எடுத்த கல்யாணப் பத்திரிகையையும், 1974 என்று தெளிவாக எழுதியிருந்த மொய் நோட்டையும் காட்டி, கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று வாங்கிக் கொடுத்த பிறகுதான் அவருக்கு உரியது கிடைத்தது. அதுவரை, சித்தப்பாவோடு முப்பது ஆண்டு குடும்பம் நடத்திய பெண், தான் மனைவிதான் என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். சாவு வீட்டுத் துக்கத்தோடு இந்த அவமானத்தையும் அவர் சுமந்ததை நான் மறக்க மாட்டேன்.

சட்டம் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. ஆணும் பெண்ணும் நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்து ஊரும் அப்படியே ஏற்றிருந்தால், அவர்களுக்குள் திருமணம் நடந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அந்தத் தம்பதி ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்கள். ஆயாவின் சாட்சியத்துக்கு நீதிமன்றத்திலும் மதிப்பு உண்டு என்பதுதான் அதன் பொருள். ஆனால் அந்த மதிப்பைப் பெற வழக்குப் போட வேண்டும், வக்கீல் வைக்க வேண்டும், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு நெசவாளியின் விதவைக்கு அது எட்டாத தூரம்.

பதிவுக்கு அஞ்சாமல் போனவர்களைத்தான் எங்கள் ஊர் தாழ்வாகப் பேசியது. அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. சிறப்புத் திருமணச் சட்டம் 1954இல் வந்தது. அதன்படி மணம் செய்ய வேண்டுமானால் பதிவாளரிடம் அறிவிப்புக் கொடுத்து, அது அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டு, 30 நாள் போக வேண்டும். வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்று ஒரு மாதம் நடுங்கி, பிறகு மூன்று சாட்சிகளோடு வந்து கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். சாதி கடந்து மணப்பவர்களுக்கு அந்த 30 நாள் இன்றும் பெரிய சோதனைதான்.

சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள் பட்டதும் கொஞ்சமல்ல. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததை அவ்வகையில் முதல் திருமணம் என்பார்கள். புரோகிதர் இல்லாமல், சடங்கு இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் அவ்வழியில் மணந்தார்கள். 1953இல் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. பிள்ளைகுட்டியோடு வாழ்ந்தவர்கள் தலையில் விழுந்த இடி அது. அதை மாற்றியவர் எங்கள் காஞ்சிபுரத்துக்காரர். 1967இல் முதலமைச்சரான அண்ணா, அந்த ஆண்டிலேயே இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்க்கச் செய்தார். 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். முன்பே அப்படி நடந்தவையும் செல்லும் என்றது சட்டம். நெசவாளர் நிறைந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவர், யார் வீட்டுக் கல்யாணமும் செல்லாக் கல்யாணம் ஆகக்கூடாது என்று நினைத்தார். எங்கள் ஊருக்கு அதைவிடப் பெருமை வேறில்லை.

அதன் பிறகு நெடுங்காலம் கழித்துத்தான் பதிவு எல்லோருக்கும் கட்டாயமானது. 2006 பிப்ரவரி 14 அன்று சீமா எதிர் அஸ்வனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்த மதமானாலும் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கில் தேசிய மகளிர் ஆணையம் எடுத்துச் சொன்ன காரணங்கள் நம் வீடுகளில் நாம் பார்த்தவைதாம்: சிறுவயதுத் திருமணத்தைத் தடுக்கலாம், முதல் மனைவி இருக்க இன்னொருத்தியை மணப்பதைத் தடுக்கலாம், கைவிடப்பட்டவள் ஜீவனாம்சம் கேட்கலாம், விதவை தன் பங்கைக் கேட்கலாம். தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. கல்யாணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. கல்யாணம் நடந்த ஊரில் மட்டும்தான் பதியலாம் என்று முதலில் இருந்தது. 2020இல் அதைத் திருத்தி, மணமகனோ மணமகளோ குடியிருக்கும் பகுதியிலும் பதியலாம் என்று ஆக்கினார்கள். வேலைக்காக ஊர் ஊராகப் போன பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

சித்தி பட்ட பாட்டைப் பார்த்த பிறகு நானும் என் கணவரும் எங்கள் கல்யாணத்தைப் பதிந்தோம். 1983இல் நடந்த கல்யாணம். 2009 சட்டத்துக்கு முந்தியது என்பதால் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் பதிந்தார்கள். அலுவலகத்தில் மாலை வாசம் போகாத புதுமணத் தம்பதிகளுக்கு நடுவே நரைத்த தலையோடு நாங்கள். ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். “பொண்ணு கல்யாணத்துக்கு வந்தீங்களாம்மா?” என்று கேட்டாள். “இல்லம்மா, எங்க கல்யாணம்தான்” என்றார் இவர். அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த மகிழ்ச்சி எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. கையெழுத்துப் போடும்போது இவர் கை கொஞ்சம் நடுங்கியது. தாலி கட்டியபோதும் அப்படித்தான் நடுங்கியது.

மகள் கல்யாணம் மண்டபத்தில் நடந்தது. விண்ணப்பத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே அவள் நிரப்பினாள். பத்திரிகை, வயதுக்கும் முகவரிக்கும் சான்று, புகைப்படம், சாட்சிகள். கோயிலில் நடந்திருந்தால் கோயில் ரசீதும் வேண்டும். அந்த ரசீதுக்கு முன்னால் இது முதல் திருமணம்தான் என்ற சான்றையும் கோயிலில் கேட்கிறார்கள். ஏமாற்றி மணம் செய்பவர்களிடமிருந்து பெண்களைக் காக்க அது தேவைதான். விசாவுக்கு மனைவி என்று எழுத அந்தச் சான்றிதழ் உடனே அவளுக்குக் கைகொடுத்தது. ஆயா ஊர் எல்லையைத் தாண்டாமல் சாட்சி சொன்னாள். இந்தக் காகிதம் கடல் தாண்டியும் சாட்சி சொல்கிறது.

காகிதம் மட்டும் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. விசாவுக்காக முதலில் பதிந்துகொண்டு, சடங்கைப் பிறகு பார்க்கலாம் என்பவர்களை இப்போது கேள்விப்படுகிறேன். இந்து திருமணச் சட்டப்படி முறையான சடங்கு நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது திருமணமாகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதியாததால் நடந்த கல்யாணம் செல்லாமல் போவதும் இல்லை. அதை அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவே சொல்கிறது. எங்கள் தறியில் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோர்வை போட்டு இணைப்பார்கள். ஊரறிய நடப்பதும் பதிவேட்டில் ஏறுவதும் அப்படி இணைய வேண்டியவை. கோர்வை சரியாக விழுந்தால் புடவை கிழிந்தாலும் கரை பிரியாது.

பழைய பதிவைத் தேடுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. இந்து திருமணப் பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு உரியது. கட்டணம் செலுத்தினால் சான்றிட்ட நகல் தர வேண்டும், அது நீதிமன்றத்தில் சாட்சியமாகும். எங்கே பதிந்தார்கள் என்று தெரிந்தால் அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்கலாம். காஞ்சிபுரம் தனி மாவட்டமானது 1997இல்தான்; செங்கல்பட்டு அதிலிருந்து பிரிந்தது 2019இல். பழைய காகிதத்தில் மாவட்டத்தின் பெயர் வேறாக இருந்தால் பயப்பட வேண்டாம்; எந்த அலுவலகம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கிறித்தவக் குடும்பங்கள் தேவாலயப் பதிவேட்டையும், இசுலாமியக் குடும்பங்கள் ஜமாத் பதிவேட்டையும் தேடலாம். எதிலும் இல்லாதவர்களுக்குத் தகரப் பெட்டியும் பரணும்தான்.

ஆகவே, இதைப் படிக்கும் பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கல்யாணம் பதியாமல் இருந்தால் இருவரும் இருக்கும்போதே போய்ப் பதியுங்கள். இருவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டிய காரியம் அது. ஒருவர் போன பிறகு மற்றவர் தனியே போய்ப் பதிய முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாளில் எழுதிய வாரிசுப் பெயரை எடுத்துப் பார்த்து, மனைவி பெயர் இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகளே, பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது மஞ்சள் தடவிய பழைய மொய் நோட்டையும் பத்திரிகையையும் குப்பையில் போடாதீர்கள். புதிதாக மணம் முடித்தவர்களே, உங்களுக்கு இருப்பது 90 நாள்.